முன்பாரம், பின்பாரம்

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன பார்த்தீங்க?" நயாகரா, சுதந்திர தேவி சிலை என்று பதில் சொல்ல வேண்டும். இந்த முறை நான் பார்த்தது மின்னசோட்டாவில் மகன் வீட்டுக் கார் ஷெட்டின் நான்கு சுவர்களைத்தான். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறுகளில் அவனும், மற்ற நாட்களில் நான் தனியாகவும் அந்த ஷெட்டில் நின்று, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஒரு சின்ன டிரெய்லர் செய்தோம். உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. முகாம் போகாத நாட்களில் மேல்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அடிச்சட்டத்தில் தோட்டத்து மண்ணோ பழைய சோபாவோ ஏற்றிக்கொள்ளலாம்.

செய்து முடித்த பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபைபர் என்றால் லேசு என்று எல்லோரும் நம்புகிறார்கள். மகனும் அப்படித்தான் ஆரம்பித்தான். "அப்பா, நீங்க ஃபைபர்லயே இருந்தவர். லேசா ஒரு பெட்டி செஞ்சுடலாம்ல?" என்றான்.

ஃபைபர் லேசு இல்லை. அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் 27 வருஷம் அந்த ரெசின் வாடையிலேயே இருந்தவன் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்துக்குப் பதிலாகக் கடற்கரைக்குப் போன ஃபைபர் போட்டுகள், எல்லாம் எங்கள் கையில் உருவானவை. அதே அளவுத் தேக்கு மரத்துண்டையும் ஃபைபர் துண்டையும் தராசில் வைத்தால் ஃபைபர் இரண்டு மடங்குக்கு மேல் எடை காட்டும். மெல்லியதாகப் போட்டும் தாங்கும் என்பதால்தான் அது லேசான பொருள் என்று பேர் வாங்கியது. மெல்லியதாகப் போட மனசு வரவில்லை என்றால் அந்தப் பேருக்கு அர்த்தமில்லை.

பிரச்சினையே இந்த மனசுதான். அதற்கு வருகிறேன்.

அந்த நாட்டில் இப்படி டிரெய்லர் செய்வது புதிது ஒன்றும் இல்லை. கண்ணீர்த்துளி வடிவத்தில், பின்னால் அடுப்படி வைத்த சின்ன வண்டிகளை 1930, 40களிலேயே வீட்டில் செய்துகொண்டார்கள். பத்திரிகைகளில் வரைபடம் போடுவார்களாம். ஃபைபரில் வந்தது பிறகு. மின்னசோட்டாவுக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால் கனடாவின் மனிடோபா மாகாணம். அங்கே வின்னிபெக் நகரத்தில் ரே ஓலெக்கோ என்பவர் 1968இல் போலர் என்ற 13 அடி டிரெய்லரைக் கொண்டுவந்தார். அவர் அதற்கு முன் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? ஃபைபரில் செப்டிக் டேங்க்! டேங்கைப் பார்த்து, இதற்கு ஜன்னல் வைத்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு ஒரே சிரிப்பு. என் வாழ்நாளில் எத்தனை தொட்டி செய்திருப்பேன், ஒன்றுக்காவது ஜன்னல் வைக்கத் தோன்றியதா!

அந்த வண்டி மேல் ஓடு, கீழ் ஓடு என இரண்டே துண்டு. நடுவில் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். மூலை என்று ஒன்று கிடையாது, முட்டை மாதிரி எல்லாப் பக்கமும் வளைவு. வளைவு இருந்தால் மெல்லிய ஓடே விறைப்பாக நிற்கும். அதனால் மொத்த வண்டியும் 450 கிலோவுக்குள் அடங்கியது.

"அப்ப நாமளும் மோல்டு எடுத்து அப்படியே செய்யலாமே" என்றான் மகன். கூடாது என்றேன். ஒரே ஒரு பொருளுக்காக மோல்டு செய்வது, ஒரே ஒரு இட்லிக்காகக் கிரைண்டர் வாங்குவது போல. முதலில் மாதிரி செய்ய வேண்டும், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும், அதன்மேல் மோல்டு போட வேண்டும், அப்புறம்தான் பொருள். நூறு வண்டி விற்கிறவனுக்குச் சரி. எங்களுக்குத் தேவை ஒன்று.

ஆகவே வேறு வழி. அங்கே வீட்டுச் சுவருக்குள் குளிர் தடுக்க வைக்கும் இளஞ்சிவப்பு நிறப் பலகைகள் கடையில் கிடைக்கும். நம் தெர்மோகோலுக்கு அண்ணன் முறை, இன்னும் இறுக்கமானது. 4 அடிக்கு 8 அடிப் பலகை. ஒன்றரை அங்குலம் தடிமன் உள்ளதை ஒரு விரலில் தூக்கலாம். அதைச் சுவர் வடிவத்துக்கு அறுத்து, இரண்டு பக்கமும் கண்ணாடித் துணியை ரெசினால் ஒட்டிவிட்டால், நடுவில் நுரை, இரு புறமும் தோல். தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பழைய கணக்கு. இங்கே எடை ஏறாமலே தடிமன் ஏறுகிறது, நுரையின் வேலை இரண்டு தோலையும் தள்ளி வைத்திருப்பது மட்டும். கூரை வளைய வேண்டிய இடத்தில் உள்பக்கம் வரிசையாகக் கீறிவிட்டால் பலகை தானாக வளையும்.

ரெசினில் ஒரு தகராறு. பட்டறைகளில் புழங்கும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு, எபாக்சி விலை அதிகம். மகன் மலிவானதைக் காட்டினான். நான் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு துண்டு நுரைப் பலகையை வாசலில் வைத்து, அதன்மேல் பாலியெஸ்டரைக் கொஞ்சம் ஊற்றினேன். சுடுதண்ணீரில் விழுந்த சர்க்கரை போலப் பலகை குழிந்து உள்ளே போனது. அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோல் வகையறாவைக் கரைத்துவிடும். எபாக்சி கரைக்காது. பேத்திக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போய், "இன்னொரு தடவை தாத்தா" என்று மூன்று துண்டைக் கரைக்க வைத்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நுரையில் ஸ்க்ரூ நிற்காது. கீல், தாழ்ப்பாள், அடிச்சட்டத்தில் இறுக்கும் போல்ட் வருகிற இடங்களில் முன்கூட்டியே நுரையைத் தோண்டிப் பிளைவுட் துண்டு பதித்துவிட வேண்டும். துணி போட்ட பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. எங்களுக்கு ஒரு கதவின் கீழ்க்கீல் அப்படித்தான் விட்டுப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது.

இனி மனசு விஷயம்.

மகனின் கார் இழுக்கக்கூடிய எடை 1,500 பவுண்டு, நம் கணக்கில் 680 கிலோ. அவன் ஒரு பெரிய தாளில் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். கடையில் வாங்கிய அடிச்சட்டம், ஆக்சில், சக்கரம் எல்லாம் சேர்த்து 115 கிலோ. மேல்கூடு 75 கிலோவுக்குள் முடிய வேண்டும். கண்ணாடித் துணி உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று.

ஒரு சுற்றா! எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். ‘டங்’கென்று கனமாகச் சத்தம் வந்தால்தான் காசு எடுப்பார். விலையே கிலோ கணக்கில். கனம் என்றால் தரம் என்று 27 வருஷம் கை பழகிவிட்டது. இந்தப் பெட்டியைத் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சத்தம். இதற்குள் படுத்துக்கொண்டு ரோட்டில் போவதா என்று பயம். மகன் ஆபீஸ் போயிருந்த ஒரு புதன்கிழமை, அவனிடம் கேட்காமல், உள்ளும் புறமும் இரண்டாவது சுற்றுத் துணி போட்டுவிட்டேன். ரெசினையும் தாராளமாக ஊற்றினேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், எனக்குத் தெரியும். பலம் கண்ணாடி இழையில் இருக்கிறது, ரெசினில் இல்லை. துணி நனைந்து கண்ணாடி போலத் தெளிந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ரப்பர் பட்டையால் வழித்து எடுக்க வேண்டும். அதற்கு மேல் நிற்பது வெறும் சுமை. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொடுத்தேன்! ஆனால் சொந்தப் பேத்தி படுக்கப் போகிற பெட்டி என்றதும் கை நிற்கவில்லை.

மகன் சாயங்காலம் வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. குளியலறையில் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தான். கூடு முடிந்த பிறகு நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துக் கூட்டிப் பார்த்தால் 103 கிலோ. 75க்குப் பதில் 103. இரண்டாம் சுற்றுத் துணியால் 13, வழிக்காமல் விட்ட ரெசின் 6, பாத்திரம் அடுக்க நான் ஆசைப்பட்டு வைத்த பிளைவுட் அலமாரி 9. தாளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினான். "பரவாயில்லப்பா, கார் தாங்கும்" என்றான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டில் டிரெய்லர் செய்பவர்களின் படங்களை அந்த நாட்களில் நிறைய பார்த்தேன். அனேகமாக எல்லோரும் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். பாதிப் பேர் பயத்தால் எடையைச் சேர்க்கிறார்கள், மீதிப் பேர் ஆசையால். இங்கே ஒரு கட்டை போட்டால் நல்லது, அங்கே ஒரு தகடு இருக்கட்டும். ஏசி வைக்கலாமே, ஃப்ரிட்ஜ் வைக்கலாமே. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். ஒன்றைக்கூட யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. என் அபிப்பிராயம், வேலை தெரியாதவனைவிட வேலை தெரிந்தவன்தான் இதில் மோசம். தெரியாதவன் வரைபடத்தில் உள்ளபடி செய்வான். தெரிந்தவன் "என் அனுபவத்தில்" என்று ஆரம்பிப்பான்.

ஆகஸ்ட்டில் முதல் பயணம். வடக்கே ஐடாஸ்கா என்ற இடம். மிசிசிப்பி ஆறு அங்கே ஓர் ஏரியிலிருந்து ஓடையாகப் புறப்படுகிறது. கல்லின்மேல் கால் வைத்து நதியைத் தாண்டிவிடலாம். சாமான் ஏற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து அடுக்கினேன். அடுப்படி பின்னால்தானே? ஆகவே இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, கேஸ் அடுப்பு, அரிசி, இட்லிப் பானை, ஊரிலிருந்து என் மனைவி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல், எல்லாம் பின்னால், கைக்கு எட்டும்படி. முன்பக்கம் மெத்தையும் தலையணையும்.

பத்தாம் நம்பர் நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நீளமான லாரி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியது. பிறகு அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாக. காரின் பின்பகுதியையே பிடித்து ஆட்டியது. பின்சீட்டில் பேத்தி, "தாத்தா, பெட்டி டான்ஸ் ஆடுது!" என்று கை தட்டினாள். மகன் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தான். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. எல்லாம் பத்துப் பதினைந்து விநாடிக்குள் இருக்கும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மெதுவாக ஓட்டி, அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். நான் இறங்கிப் போய்க் கொளுவியைக் கழற்றி டிரெய்லரின் மூக்கைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கையால் தூக்கிவிட்டேன். அந்த நிமிஷம் புரிந்துவிட்டது.

"என்னப்பா?" என்றான்.

"பின்பாரம்டா" என்றேன்.

என் வயதுக்காரர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். எங்கள் அப்பா வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் மாட்டைப் பூட்ட மாட்டார். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அமுக்கும். மாட்டின் கழுத்தில் கொஞ்சம் பாரம் நிற்க வேண்டும், நசுக்கவும் கூடாது. ஏற்றிய பிறகு அப்பா ஏர்க்காலை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார், ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னால் தள்ளச் சொல்வார். அவ்வளவுதான். அதையே அங்கே டங் வெயிட் என்கிறார்கள். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை மூக்கில் நின்று காரை அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். மகனின் தாளில் இதுவும் எழுதியிருந்தது. மூட்டைக்கு மேல் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு அதைப் படிக்க என்ன தேவை என்று நான் படிக்கவில்லை.

எங்கள் மொத்த எடை அன்று 370 கிலோ அளவில் இருக்கும். மூக்கில் 40 கிலோவாவது வேண்டும். இருந்தது பத்துகூட இல்லை. இரண்டு தண்ணீர் கேனையும் பின்னாலிருந்து எடுத்துப் படுக்கையின் முன்சுவரை ஒட்டி வைத்துப் பட்டையால் இறுக்கினோம். பிறகு மூக்கைத் தூக்கினால் இரண்டு கையாலும் முக்க வேண்டியிருந்தது. என் மனைவி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல படிக்காத வண்டிக்காரன்கூட இதைப் பார்ப்பான்" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஐடாஸ்கா வரை லாரிகள் எத்தனையோ தாண்டிப் போயின, வண்டி அசையவில்லை. வழியில் பேக்கஸ் என்ற சிற்றூர் வந்தது. அந்த முட்டை வடிவ ஃபைபர் டிரெய்லர்களை ஸ்கேம்ப் என்ற பெயரில் இன்றும் செய்கிற ஊர். இறங்கிப் பார்க்க ஆசைதான். மகன் முகத்தைப் பார்த்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

சிலர், "காசு மிச்சமா?" என்று கேட்கிறார்கள். கணக்குச் சொல்கிறேன். சட்டம், நுரை, எபாக்சி, துணி, கதவு, ஜன்னல், விளக்கு எல்லாம் சேர்ந்து 2,400 டாலர் ஆனது. என் நான்கு மாத உழைப்பு இதில் சேரவில்லை. கூலி போட்டால் கடையில் வாங்குவதே மேல். மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பழைய வண்டி ஒன்றைத் தேடட்டும். ஷெட்டில் மகனோடு நிற்க ஆசைப்படுபவர்கள் மட்டும் செய்யட்டும். செய்தால் கை உறை, மூக்குத் துணி இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். ஒருமுறை தோல் அதற்குப் பகையானால் பிறகு வாசலில் டப்பாவைத் திறந்தாலே உடம்பு தடிக்கும். காய்ந்த பிறகு தேய்க்கும்போது பறக்கும் தூள் அதைவிட மோசம்.

நம் ஊரில் செய்யலாமா என்றும் ஒருவர் கேட்டார். டிராக்டர் பெட்டிக்கே தனி நம்பர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டில் இழுக்கிற எதுவும் ஆர்டிஓ கண்ணில் ஒரு வண்டிதான். முதலில் அங்கே விசாரித்துவிட்டு அப்புறம் ரெசின் வாங்குங்கள்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். இப்படி ஒரு வண்டி செய்கிறவர் முதலில் வாங்க வேண்டிய கருவி ரம்பமோ டிரில்லோ இல்லை, ஒரு தராசு. பலகையை ஒட்டும் முன் நிறுக்க வேண்டும், கலக்கிய ரெசினை நிறுக்க வேண்டும், ஏற்றும் தோசைக்கல்லை நிறுக்க வேண்டும். நான் இனி ஒருமுறை செய்தால் துணி ஒரே சுற்றுதான். அந்தக் கூட்டை என் காலால் உதைத்துப் பார்த்தேன், ஒரு சுற்றுப் போட்டிருந்த பின்கதவும் இரண்டு சுற்றுப் போட்ட சுவரும் ஒரே மாதிரிதான் நின்றன. 13 கிலோவும் என் பயத்தின் எடை.

நாங்கள் அக்டோபரில் ஊர் திரும்பிவிட்டோம். குளிர்காலத்தில் கூட்டைக் கழற்றிக் குதிரைக் கட்டை மேல் வைத்திருந்தான், சட்டத்தை மடித்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தான். போன வாரம் மறுபடி பூட்டி எங்கேயோ ஏரிக்கரைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் குளியலறை எடை மெஷின். எண் 46. கீழே பேத்தி எழுதச் சொன்னதாக ஒரு வரி: "தோசைக்கல் முன்னாடி இருக்கு தாத்தா."